வயிற்றில் காது வைத்த காலம்



வானொலி காதுக்கு உரிய சாதனம். ஆகவே இன்றைய உரைக்கு ஓர் ஒலியையே பொருளாக எடுத்துக்கொண்டேன். நாம் எல்லோரும் பிறப்பதற்கு முன்னரே எழுப்பிய ஒலி அது. கருவில் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பு.

எழுபதுகளின் நடுப்பகுதி. கிருலப்பனையில் கால்வாய்க்குக் கிட்டிய ஒரு தோட்டத்தில் எங்கள் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அம்மா வயிற்றில் என் தங்கை. மாதத்தில் ஒரு நாள், குடையும் கறுப்புத் தோற்பையுமாகப் பொதுச் சுகாதார மருத்துவ மாது வருவார். சிங்களப் பெண்மணி. தமிழும் கொஞ்சம் பேசுவார். தோட்டம் முழுவதும் அவரை 'மிஸ்' என்றுதான் அழைக்கும். பையில் இருந்து ஒரு சாண் நீளமுள்ள அலுமினியக் குழல் ஒன்றை எடுப்பார். ஒரு பக்கம் புனல்போல விரிந்திருக்கும். மறுபக்கம் தட்டையாக இருக்கும். விரிந்த பக்கத்தை அம்மாவின் வயிற்றில் வைத்து, தட்டையான பக்கத்தில் தன் காதைப் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு கை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும்.

அப்போது களனிவெளி ரயில் குறுகிய பாதையில் ஓடிய காலம். வண்டி வந்தால் மிஸ் தலையை நிமிர்த்திக் காத்திருப்பார். அது போன பின்னர் மீண்டும் குனிவார். "எப்படி மிஸ்?" என்று அம்மா கேட்பா. "ஹொந்தாய் அம்மா, நல்லா ஓடுது" என்பார். அந்த நாலு சொல்லில் அம்மாவின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் ஏன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார் என்பது எனக்கு விளங்க வெகு காலம் சென்றது. அதற்கு விடை சொல்ல, சுமார் இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1816இல் பாரிஸ் நகரில் லெனெக் என்ற மருத்துவர், நோயாளியின் நெஞ்சில் நேரே காது வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. 1818இல் ஜெனீவாவைச் சேர்ந்த மேயர் என்ற அறுவை மருத்துவர், தாயின் வயிற்றில் காது வைத்தால் குழந்தையின் இதயம் கேட்கும் என்று அறிவித்தார். உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1821இல், லெனெக்கின் நண்பர் கெர்கராடெக் வேறொன்றைத் தேடிக் குழலை வைத்தார். கருவைச் சூழ்ந்த நீரில் குழந்தை அசையும் சலசலப்பைக் கேட்க முடியுமா என்பதே அவருடைய ஆவல். கேட்டதோ கடிகாரத்தின் 'டிக் டிக்' போன்ற ஒலி! தாயின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். இந்த ஒலியின் வேகம் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே இது தாயின் இதயம் அல்ல, இன்னொரு உயிரின் இதயம் என்ற முடிவுக்கு வந்தார்.

கவனியுங்கள் நேயர்களே. கண்டுபிடிப்பின் உயிர்நாடி குழலில் இல்லை. தாயின் நாடியோடு ஒப்பிட்டுப் பார்த்த அந்த அறிவில் இருக்கிறது. கிருலப்பனைத் தோட்டத்து மிஸ் செய்ததும் அதுவே.

பின்னர் 1833இல் டப்ளின் நகரத்து மருத்துவர் எவரி கென்னடி இக்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு அதே டப்ளினில் இருந்து ஹென்றி மோன்செல் என்பவரின் பிரசவ மருத்துவ நூல் வெளிவந்தது. அந்த மோன்செல்லின் நூல் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு! 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் அதைத் தமிழாக்கி, 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் அச்சேற்றுவித்தார். ஆங்கிலம் அறியாதவனுக்கும் மருத்துவம் எட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. நூல் தமிழில் வந்துவிட்டது, பிரசவ அறையின் கதவோ ஆண் வைத்தியருக்குத் திறக்கவில்லை. அங்கே ஆட்சி ஊர் மருத்துவிச்சியுடையது. கைப்பழக்கமும் அனுபவமும் அவளிடம் இருந்தன, குழல் இருக்கவில்லை.

அந்த இடைவெளியை மெல்ல மெல்ல நிரப்பியவர்கள் பெண்கள். 1879இல் கொழும்பில் டி சொய்சா குடும்பத்தின் கொடையால் பிரசவ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டபோதுதான் பெரிய மாற்றம் நேர்ந்தது. தாய் ஆஸ்பத்திரியைத் தேடிப் போகும் முன், பயிற்சி பெற்ற மருத்துவ மாது தாயின் வீட்டு வாசலுக்கு வந்தார். ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், நாளடைவில் அந்த ஏற்பாடு நாடெங்கும் பரவியது.

பலன் என்ன? 1930களின் நடுப்பகுதியில், மலேரியாக் கொள்ளை நோயும் சேர்ந்துகொண்ட ஆண்டுகளில், ஆயிரம் பிறப்புக்கு இருபதுக்கும் மேற்பட்ட தாய்மார் இந்நாட்டில் மாண்டனர். 2010களின் இறுதியில் அந்த எண்ணிக்கை ஒரு இலட்சம் பிறப்புக்கு ஏறக்குறைய முப்பதாக இறங்கியிருந்தது. இதற்குக் குழல் மட்டும் காரணமல்ல. மலேரியா ஒழிப்பு, இலவச மருத்துவம், இரத்த வங்கி, பெண் கல்வி எல்லாம் சேர்ந்த வெற்றி இது. ஆனால் அந்த வெற்றியின் முதல் படி, குடையும் பையுமாக நடந்து வந்த ஒரு பெண்ணின் செருப்புத் தடம்.

இனி இன்றைய நாளுக்கு வருவோம். 1960களில் ஒலி அலைகளைக் கொண்டு துடிப்பைக் கேட்கும் டொப்ளர் கருவி புழக்கத்துக்கு வந்தது. குழலால் ஐந்தாம் மாதத்தை ஒட்டித்தான் கேட்கும், இதனால் மூன்றாம் மாதத்திலேயே கேட்கலாம். இப்போது அது உள்ளங்கை அளவில் கடையில் கிடைக்கிறது. போன வருடம் என் தங்கை மகளும் ஒன்று வாங்கினாள். இராச் சாப்பாட்டுக்குப் பின் வயிற்றில் வைத்து, ஒலியைப் பெருக்கி எல்லோருக்கும் கேட்கச் செய்வாள். எங்களுக்கும் அது ஒரு சந்தோஷம்தான்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள், காலை முதல் பிள்ளையின் அசைவு குறைந்திருப்பதாகச் சொன்னாள். கருவியை வைத்தாள். 'டப் டப்' என்று கேட்டது. "ஒன்றுமில்லை அம்மம்மா, நல்லாத்தான் ஓடுது" என்றாள். எண்பது கடந்த என் அம்மா கருவியைப் பார்க்கவில்லை. "நீ கேக்கிறது உன்ர துடிப்போ, பிள்ளையின்ர துடிப்போ? அசைவு குறைஞ்சா ஆஸ்பத்திரிக்குப் போ எண்டு அந்த மிஸ் எனக்குச் சொன்னவ. எழும்படி பிள்ளை" என்றா. அன்றிரவே போனோம். உடனே கவனித்தார்கள். குழந்தை நலமாகப் பிறந்து இப்போது தவழுகிறது.

அம்மாவின் பயம் வீண் பயமல்ல. 2009இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒரு துயரச் செய்தியை வெளியிட்டது. அங்கே ஒரு பெண், அசைவு குறைந்ததை உணர்ந்தும், வீட்டுக் கருவியில் துடிப்பைக் கேட்டு இரண்டு நாட்கள் ஆறுதல் அடைந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழந்தை உயிருடன் இல்லை. தாயின் இரத்தக் குழாயின் ஓசையையும் நஞ்சுக்கொடிப் பகுதியின் இரைச்சலையும் கருவி ஒலிக்கச் செய்யும். பழகாத காது அதைக் குழந்தை என்றே நம்பும். குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை. தாய் பதறினால் அவள் நாடியும் நூறைத் தாண்டும் அல்லவா? உண்மையான துடிப்பே கேட்டாலும், அந்த நிமிடத்தில் இதயம் இயங்குகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. குழந்தை களைத்துவிட்டதா என்று சொல்லாது.

கருவியை வீசிவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒலியைக் கேட்டு மகிழுங்கள். ஆனால் அசைவு குறைந்தால் கருவியிடம் கேட்காதீர்கள், ஆஸ்பத்திரியில் கேளுங்கள். இரவென்றும் மழையென்றும் பாராதீர்கள்.

கிருலப்பனையில் இன்று ரயில் அகலப் பாதையில் ஓடுகிறது. நாங்கள் இருந்த தோட்டம் இல்லை. அந்த மிஸ்ஸின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. ஆனாலும் ஒரு கையில் குழலும் மறு கையில் தாயின் நாடியுமாக அவர் கண்மூடி இருந்த காட்சி என் நினைவில் நிற்கிறது. அவர் சொல்லிவைத்த ஒரு வார்த்தை, ஐம்பது ஆண்டுகள் கழித்து எங்கள் வீட்டில் ஓர் உயிரைக் காத்தது.