எந்த மோனோமர் முந்தியது?

சொத்தைப் பல்லில் பசை மாதிரி ஒன்றை அடைத்து, பல் மருத்துவர் நீல விளக்கைக் காட்டுவார். சில நொடிகளில் அது கல்லாக இறுகிவிடும். மோனோமர் என்ற சிறு மூலக்கூறுகள் ஒளி பட்டதும் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பாலிமர் ஆகிவிடுகின்றன. பெரும்பாலும் இரண்டு மூன்று மோனோமர்களைக் கலந்துதான் இந்த மாதிரிப் பசைகளைச் செய்கிறார்கள். அவற்றில் எது முந்துகிறது, எது மிஞ்சுகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்தக் கதைதான் இது.

1944ல் அமெரிக்காவில் மேயோ, லூயிஸ் என்ற இருவர் ஸ்டைரீனையும் மெத்தில் மெத்தாக்ரிலேட்டையும் கலந்து வினைபுரிய விட்டார்கள். (ஒளியால் அல்ல, வெப்பத்தால்.) வினையைப் பாதியிலேயே நிறுத்தி, உண்டான பாலிமரைப் பிரித்தெடுத்து, அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் வினைத்திறன் விகிதம் சுமார் 0.5 என்று வந்தது. அதாவது, சங்கிலியின் நுனியில் எது இருந்தாலும் அது தன் இனத்தைவிட மற்றதோடு இருமடங்கு எளிதாகச் சேர்கிறது!

ஒளியில் இறுகும் பசையிடம் இந்த வித்தை பலிக்காது. அது வலைபோலப் பின்னிக்கொள்வதால் எந்தத் திரவத்திலும் கரையாது. வேகமும் அதிகம், சில பசைகளில் ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். வினையில் வெளிவரும் வெப்பத்தை அளந்து பார்த்தார்கள். ஆனால் அந்தக் கருவி சற்று மந்தம், மேலும் அது காட்டுவது மொத்த வெப்பத்தை மட்டுமே. பந்தி முடிந்ததும் எச்சில் இலைகளை எண்ணுவது போலத்தான். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரியும், முதலில் எழுந்தது யார் என்று தெரியாது.

இங்கேதான் அகச்சிவப்புக் கதிர் வருகிறது. 1800ல் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. ஒவ்வொரு வேதிப் பிணைப்பும் தனக்கென ஓர் அலை எண்ணில் இக்கதிரை உறிஞ்சும். 1988ல் பிரான்சின் முலூஸ் நகரில் டெக்கரும் மூசாவும் கருவியை அக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்புக்குரிய 812 என்ற அலை எண்ணிலேயே நிறுத்திவைத்து, புற ஊதா ஒளியைப் பாய்ச்சிக்கொண்டே உறிஞ்சல் குறைவதைப் பதிவு செய்தார்கள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு மோனோமர் தீர்ந்தது என்று கணக்கு. எளிய யோசனை, ஆனால் வினையை நிறுத்தாமலே அளக்க முடிந்தது! (கண்ணாடி இக்கதிரை விழுங்கிவிடும் என்பதால் பசையைப் பெரும்பாலும் உப்புத் தகடுகளுக்கு நடுவில் வைப்பார்கள்.)

ஆனால் ஓர் அலை எண்ணைப் பார்த்தால் ஒரு மோனோமரைத்தான் பார்க்க முடியும். நொடிக்குப் பலமுறை முழு நிறமாலையையும் எடுக்கும் ஃபூரியர் கருவிகள் வந்த பிறகுதான் இரண்டையும் சேர்த்துக் கவனிக்க முடிந்தது. 2001ல் அமெரிக்காவின் கொலராடோவில் கிரேமரும் போமனும் தயாலையும் அக்ரிலேட்டையும் கலந்து இப்படி அளந்தார்கள். தயாலின் கந்தக-ஹைட்ரஜன் பிணைப்பு 2570 அருகே தனியாகத் தெரியும், அக்ரிலேட்டோடு குழம்பாது. அக்ரிலேட் தன் இனத்தோடு சேரும் வேகம், தயாலிடம் ஹைட்ரஜனைப் பிடுங்கும் வேகத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று தெரிந்தது. ஆகவே சம அளவில் கலந்தாலும் அக்ரிலேட் தீர்ந்த பின் தயால் மிஞ்சும். தயாலின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்று புரியும்!

பல் மருத்துவர் வைக்கும் பசையில் மட்டும் இந்த முறையும் திணறுகிறது. அதிலுள்ள முக்கிய மோனோமர்கள் இரண்டுமே மெத்தாக்ரிலேட்தான். இரண்டின் இரட்டைப் பிணைப்பும் ஒரே இடத்தில், 1637 அருகே, உறிஞ்சுகின்றன. மொத்தம் எவ்வளவு இறுகியது என்று சொல்லலாம், எது முந்தியது என்று சொல்ல முடியாது.