எங்கே கிடைத்தது?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, நம் வகுப்பு மாணவன் ஒருவன் மேசைமீது ஒரு காசை வைத்தான். நான்கு மூலையும் மழுங்கிய சதுரக் காசு. புதுச் செம்புக் குடம்போல் மின்னியது. "மண்ணிலே கிடைச்சது சார். ஒரே பச்சையா இருந்துச்சு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சேன்" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை.

காசைக் கையில் எடுத்துப் பார்த்தோம். ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்து மலாயாக் காசு அது. 1939, 1940, 1941 ஆகிய ஆண்டுகள் பொறித்து, போருக்கு முன் இத்தகைய ஒரு காசு நாணயங்கள் வெளிவந்தன. ஆனால் இந்தக் காசில் ஆண்டு இருந்த இடம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. மன்னரின் மூக்கும் போய்விட்டது.

"தம்பி, இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டோம். சன்னல் வழியாகச் செம்பனைக் காட்டைக் காட்டி, "அந்தப் பக்கம் சார்" என்றான். மாலையில் அவனோடு நடந்து போனோம். முதலில் ஒரு மரத்தடியைக் காட்டினான். பிறகு, இது இல்லை என்று இன்னொன்றைக் காட்டினான். மூன்றாவது மரத்தருகே தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டான்.

எங்கே கிடைத்தது என்ற அந்தச் சிறு கேள்வியைத்தான் இன்று உங்களோடு எண்ணிப் பார்க்கப் போகிறோம். மண்ணுக்குள் கிடக்கும் பழம்பொருளின் மதிப்பில் பாதிக்குமேல் அந்தக் கேள்வியின் விடையில்தான் இருக்கிறது.

நீண்ட தடியின் நுனியில் வட்டத் தட்டு, காதில் ஒலிகேட்கும் கருவி, தோளில் சிறு மண்வெட்டி என்று பூங்காவிலும் கடற்கரையிலும் நடப்பவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்கள் கையில் இருப்பது உலோகம் காட்டும் கருவி. அந்தத் தட்டுக்குள் செம்புக் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. பேட்டரியிலிருந்து மின்சாரம் அதில் மாறி மாறி ஓடும்போது சுருளைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகிறது. அது மண்ணிலுள்ள உலோகத்தில் பட்டால், அந்த உலோகத்திலும் சிறு மின்னோட்டம் எழும். அதைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகிறது.

இதன் தொடக்கக் கதை வேடிக்கையானது, வருத்தமானதும்கூட. 1881ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உலோகம் காட்டும் கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். தேடிய குண்டு அகப்படவில்லை. கட்டிலின் மெத்தையில் இருந்த உலோகக் கம்பிகள் கருவியைக் குழப்பின என்பர். செப்டம்பரில் அதிபர் இறந்துபோனார்.

'இங்கே உலோகம் இருக்கிறது' என்று மட்டுமே கருவி சொல்லும் என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும். அது பழங்காசா, பழைய ஆணியா, வெடிக்காத குண்டா என்பதைத் திட்டமாகச் சொல்லாது. உலோகம் அல்லாத எதைப் பற்றியும் அது வாய் திறக்காது. பானை ஓடு, கண்ணாடி மணி, மரத்துண்டு, எலும்பு, அடுப்புக்கரி எல்லாம் அதன் கணக்கில் வெறும் மண்தான்.

வெறும் மண் என்று எண்ணுவதில் எவ்வளவு இழப்பு இருக்கிறது என்பதைச் சிங்கப்பூரில் ஒரு பூங்கா நமக்குக் காட்டுகிறது.

சிங்கப்பூர் நகரின் நடுவே ஃபோர்ட் கேனிங் என்னும் குன்று உண்டு. இன்று அது பொதுமக்கள் உலாவும் பூங்கா. 1819ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வந்தபோது மலாய் மக்கள் அதை 'புக்கிட் லாராங்கான்' என்றார்கள். தடைசெய்யப்பட்ட குன்று என்று பொருள். பழங்கால அரசர்கள் வாழ்ந்த இடம், அடக்கமான இடம் என்று நம்பி, மக்கள் அதில் ஏறாமல் விலகியிருந்தார்கள்.

1928ஆம் ஆண்டு அந்தக் குன்றின்மேல் நீர்த்தேக்கம் கட்டுவதற்காகத் தொழிலாளர்கள் மண்ணை வெட்டினார்கள். மண்வெட்டியின் நுனியில் பொன் பளிச்சிட்டது. தோள்வளை, காதணிகள், மோதிரம் என்று தங்க நகைகள் கிடைத்தன. தோள்வளையில் சாவகக் கோயில்களில் காணப்படும் காலனின் முகம் செதுக்கப்பட்டிருந்தது. அவை 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் கணித்தார்கள். அந்தத் தோள்வளை சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

ஆனால் அங்கே நடந்தது கட்டட வேலை. நகைகளோடு அதே மண்ணில் வேறென்ன இருந்தது, எது மேலே, எது கீழே என்று பதிந்துகொள்ளும் ஆய்வு அன்று நடக்கவில்லை. நகைகள் கிடைத்தன, அவற்றைச் சுற்றியிருந்த கதை மண்ணோடு போயிற்று.

பிறகு 1984ஆம் ஆண்டு சனவரியில், டாக்டர் ஜான் மிக்சிக் என்னும் தொல்லியல் அறிஞர் அதே குன்றில் முறையாக அகழ்ந்து பார்த்தார். இம்முறை கிடைத்தவை சீனப் பீங்கான் துண்டுகள், மண்பானை ஓடுகள், கண்ணாடி மணிகள். சந்தையில் கொண்டுபோய் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அவை கலையாத மண் அடுக்கில், போட்டது போட்டபடி கிடந்தன. 14ஆம் நூற்றாண்டில் அந்தக் குன்றில் மக்கள் வாழ்ந்தார்கள், சீனாவோடு வாணிகம் நடந்தது என்பதற்கு அவை சான்று கூறின. ராஃபிள்ஸ் வருவதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஓர் ஊர் இருந்ததை, தங்கத்தைவிடப் பானை ஓடுதான் தெளிவாகச் சொன்னது.

மண் அடுக்கு என்றால் என்ன? பண்டிகை நாளில் நம் அண்டை வீட்டு மலாய்க்காரர் கொடுக்கும் 'குவே லாப்பிஸ்' பலகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறம் வெந்த பிறகே அடுத்த நிறத்தை ஊற்றுவார்கள். கீழே இருப்பது முதலில் ஊற்றியது. மேலே இருப்பது கடைசியில் ஊற்றியது. நிலமும் பெரும்பாலும் அப்படித்தான். பாட்டன் காலத்து மண் கீழே, பேரன் காலத்து மண் மேலே. பலகாரத்தின் நடுவே கரண்டியை விட்டுக் கிளறினால் என்ன ஆகும்? தின்னலாம், ருசியும் குறையாது. எந்த நிறம் எதற்கு முன் என்று மட்டும் சொல்ல முடியாது. கருவி ஒலித்த இடத்தில் குழி பறிப்பவர் செய்வதும் அதுதான். குழியைத் திரும்ப மூடிப் புல்லை ஒட்டிவிடலாம். கலைந்த அடுக்கை ஒட்ட முடியாது.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. சிலாங்கூரில், பந்திங் பக்கத்தில், கம்போங் சுங்கை லாங் என்னும் இடத்தில் 1964ஆம் ஆண்டு இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. வடவியட்னாமில் தோன்றிய டோங்சோன் பண்பாட்டைச் சேர்ந்தவை அவை. அவற்றைக் கண்டால் பழம்பொருள் விற்பவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆனால் அறிஞர்களுக்குப் பேருதவி செய்தது முரசுகளுக்கு அடியில் கிடந்த மரப்பலகை. கரிமக் கணிப்பு முறையால் மரத்தின் வயதை அறியலாம்; வெண்கலத்தின் வயதை அம்முறையால் நேரே அறிய முடியாது. பலகையைச் சோதித்தபோது அந்த மரம் 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று தெரிந்தது. பொருளாசை கொண்ட ஒருவர் கையில் அந்த இடம் சிக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முரசைத் தூக்கிக்கொண்டு, பலகையை அடுப்புக்குப் போட்டிருப்பார்.

இதனால்தான் தோண்டுவதற்குச் சட்டங்கள் வந்தன. புதையலைப் பூதம் காக்கும் என்று நம் பாட்டிமார் கதை சொல்வார்கள் அல்லவா? அந்தப் பூதத்தின் வேலையை இன்று சட்டம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் முன்பு 1957ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் 1976ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் இருந்தன. அவற்றின் இடத்தில் 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் 2006 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. பண்பாட்டு மதிப்புடையது என்று எண்ணத்தக்க ஒரு பொருளைக் கண்டெடுப்பவர், உடனே பாரம்பரிய ஆணையரிடமோ, அவருடைய அதிகாரியிடமோ, அந்த மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். இத்தகைய பொருளைத் தேடி நிலத்தை அகழ்வதற்கு உரிமம் வேண்டும். சிங்கப்பூர்ப் பூங்காக்களிலும் அனுமதியின்றி மண்ணைத் தோண்டக்கூடாது. கீரைப் பாத்தி போட மண்வெட்டி எடுப்பவரை எந்தச் சட்டமும் மிரட்டவில்லை. பழம்பொருளைத் தேடி, உரிமமோ அனுமதியோ இல்லாமல் நிலத்தைப் பறிப்பதுதான் குற்றம்.

இன்னொரு காரணமும் உண்டு. 'ஜப்பான்காரன் புதைத்துவிட்டுப் போன தங்கம்' என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கதை உலவுகிறது. அந்தப் போர் மண்ணில் விட்டுப்போனவற்றுள் வெடிகுண்டுகளும் உண்டு என்பதை அந்தக் கதை சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா வட்டாரத்தில், கட்டுமான இடத்தில் 100 கிலோ எடையுள்ள போர்க்கால வெடிகுண்டு அகப்பட்டது. சுற்றுப்புறத்தில் குடியிருந்த 4,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிவிட்டு இராணுவத்தினர் அதை வெடிக்கச் செய்தார்கள். தடியின் நுனியில் கேட்கும் 'கீங்' என்னும் ஒலி காசுக்கும் எழலாம், குண்டுக்கும் எழலாம். துரு ஏறிய உருண்டையோ குழாயோ கண்ணில் பட்டால் தட்டிப் பார்க்கக்கூடாது. பிள்ளைகளை விலக்கிவிட்டு, 999 எண்ணில் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

நேயர்களே, 'அரசர்களின் நகையும் முரசும் இருக்கட்டும், தோட்டத்து மண்ணில் என்ன சரித்திரம்?' என்று உங்களில் சிலர் கேட்கலாம்.

கெடாவில் சுங்கை பத்து என்னுமிடத்தில் செம்பனை மரங்களுக்கு நடுவே 2009ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகழ்ந்தார்கள். அங்கே வெளிப்பட்டவற்றுள் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சமும், காற்று ஊதிய மண்குழாய்களும், குவியல் குவியலாக இரும்புக் கசடும் இருந்தன. கசடு என்பது உலையில் எஞ்சும் கழிவு. அதற்கு விலை இல்லை. ஆனால் அந்தக் கழிவுதான், உலைச் சூட்டில் வெந்து வேலை செய்த தொழிலாளர்களை நமக்குக் காட்டிக்கொடுத்தது. அவர்களுடைய பெயரை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. அவர்கள் உழைத்ததற்கு அந்த மண்தான் சாட்சி.

நம் முன்னோர் நிலையும் அதுதான் அல்லவா? காடழித்து ரப்பர் நட்ட நம் கொள்ளுப்பாட்டனார் நாட்குறிப்பு எழுதவில்லை. பால் வெட்டிய பாட்டியின் படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. லயங்கள் இடிந்துவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. அவர்கள் இங்கே வாழ்ந்ததற்குச் சான்றாக மண்ணில் இருப்பவை ஓர் அம்மிக்கல், உடைந்த பால் மங்கு, விளக்குக் கண்ணாடி, ஒரு சதுரக் காசு. அவையும் இடம் தெரியாமல் போனால், நாம் இங்கே இருந்தோம் என்பதற்கு யார் சாட்சி சொல்வது?

ஆகவே, ஏதேனும் கண்ணில் பட்டால் முதலில் கையை நிறுத்துங்கள். இழுக்காதீர்கள், மேலும் தோண்டாதீர்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பச்சை படிந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். கைப்பேசி இருந்தால், கிடந்தது கிடந்தபடி படம் எடுங்கள். எத்தனையாவது நிரை, எத்தனையாவது மரம், அருகில் ஓடையா, பாதையா என்று ஒரு தாளில் எழுதி, தேதியும் போடுங்கள். பிறகு தலைமையாசிரியரிடமோ தோட்ட அலுவலகத்திலோ காட்டி, மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள்.

அந்த மாணவனின் கதையை முடித்துவிடுவோம். மூன்று மரங்களுக்கு நடுவே நாம் இருவரும் விழித்துக்கொண்டு நின்றபோது, புல் அறுக்க வந்த மூதாட்டி ஒருவர் விசாரித்தார். காசைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இந்தப் பக்கம்தானே ஐயா பழைய லயம் இருந்துச்சு. எங்க அம்மா என்னைப் பெத்ததே அங்கேதான். எந்த இடம்னு கேட்டா இப்ப எனக்கே தெரியல. எல்லாம் ஒரே மாதிரி மரமா நிக்குது" என்றார்.

காசு கிடைத்த இடம் தெரிந்திருந்தால், அவர் பிறந்த இடத்தையே ஒருவேளை அவருக்குக் காட்டியிருக்கலாம். மாணவன் தலைகுனிந்து நின்றான். மறுநாள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, முதல் பக்கத்தில் கோடு போட்டான். பொருள், நாள், இடம் என்று மூன்று கட்டம். அந்தக் காசுக்கு நேரே இடம் என்ற கட்டம் இன்றும் காலியாகவே இருக்கிறது. அதற்குப் பின் வந்த மாணவர்கள் எழுதிய எந்த வரியிலும் அந்தக் கட்டம் காலியாக இல்லை.