கூட்டன்பர்க் செருகுநிரல்: திட்டமிட்டதும் நடந்ததும்

கூட்டன்பர்க் என்பது வேர்ட்பிரஸ் என்னும் உள்ளடக்க மேலாண்மை அமைப்புக்காக உருவாக்கப்பட்ட தொகுப்பி ஆகும். இது 2017 ஜூன் மாதத்தில் தனிச் செருகுநிரலாக வெளிவந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் சோதிக்கப்பட்டபின், 2018 டிசம்பர் 6 அன்று வேர்ட்பிரஸ் 5.0 பதிப்பின் உறுப்பாகச் சேர்க்கப்பட்டது. நகரும் அச்செழுத்துகளால் ஐரோப்பிய அச்சுக்கலையை மாற்றிய யோகன்னஸ் கூட்டன்பர்க்கின் பெயர் இதற்கு இடப்பட்டது. ஒரு மென்பொருள் கூறு எவ்வாறு திட்டமிடப்படுகிறது, அத்திட்டம் எங்கே வெல்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை அறிய விரும்பும் மாணவர்களுக்கு இதன் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு 2003 மே 27 அன்று வெளியானது. கைவிடப்படும் நிலையில் இருந்த பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவைச் சேர்ந்த மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டிலும் இதனைத் தொடங்கினர். 2004 மே மாதம் வெளிவந்த 1.2 பதிப்பில் செருகுநிரல் வசதி வந்தது. மையநிரலில் கை வைக்காமல் புதிய வசதிகளைச் சேர்க்க இது வழி செய்தது. வீட்டின் சுவரை இடிக்காமல் மின் பொருத்தியில் புதிய கருவியைச் செருகுவது போன்றது இது. அதே மாதத்தில் மூவபிள் டைப் என்ற போட்டி மென்பொருள் தன் உரிம விதிகளை இறுக்கியதால், அதன் பயனர் பலர் வேர்ட்பிரஸுக்கு மாறினர்.

2005 இறுதியில் வந்த 2.0 பதிப்பில் டைனிஎம்சிஇ என்னும் தொகுப்பி இடம்பெற்றது. அது ஒரே பெரிய எழுத்துப்பெட்டி. தட்டச்சு செய்வதற்கு அது போதுமானது. ஆனால் இரண்டு பத்திகளை அருகருகே வைக்கவோ, படத்தொகுப்பு, பொத்தான், அட்டவணை போன்றவற்றைச் சேர்க்கவோ வேண்டுமானால் பயனர் சதுர அடைப்புக்குள் எழுதும் சுருக்கக் குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. எழுதும்போது தெரிவது ஒன்று, வெளியிட்டபின் தெரிவது வேறொன்று. இந்த இடைவெளியை நிரப்பப் பக்கம் கட்டும் செருகுநிரல்கள் பல தோன்றின. அவை ஒவ்வொன்றும் தனி வழியில் இயங்கின. ஒன்றை நீக்கினால், அதில் எழுதிய பக்கங்களில் வெறும் குறிகள் மட்டும் சிதறிக் கிடக்கும். இதற்கிடையே விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், மீடியம் போன்ற சேவைகள் எளிய தொகுப்பிகளால் புதிய பயனர்களை ஈர்த்தன.

திட்டத்தின் தொடக்கம்

2016 டிசம்பரில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த வேர்ட்கேம்ப் மாநாட்டில் முல்லன்வெக் புதிய திட்டத்தை அறிவித்தார். அதுவரை புதிய பதிப்புகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் வந்துகொண்டிருந்தன. இனி நாள்காட்டியைப் பார்த்து வெளியிடாமல், எடுத்த பணிகள் முடிந்தபின் வெளியிடுவது என்று முடிவானது. தொகுப்பி, தோற்றத்தை மாற்றும் வசதி, பிற நிரல்களுடன் தரவு பரிமாறும் இடைமுகம் ஆகிய மூன்றும் முதன்மைப் பணிகளாக அறிவிக்கப்பட்டன. தொகுப்பியின் தொழில்நுட்பப் பொறுப்பை மத்தியாஸ் வெந்தூராவும், வடிவமைப்புப் பொறுப்பை யோவன் ஆஸ்முசனும் ஏற்றனர்.

புதிய தொகுப்பியின் அடிப்படைக் கருத்து ‘தொகுதி’ என்பதாகும். பத்தி, தலைப்பு, படம், மேற்கோள், பட்டியல் என ஒவ்வொன்றும் ஒரு தனித் தொகுதி. அச்சகத்தில் எழுத்துகளைத் தனித்தனியாகக் கோத்துப் பக்கம் அமைப்பதுபோல, தொகுதிகளை அடுக்கி வலைப்பக்கம் அமைக்கலாம். இவ்வொப்புமையே பெயருக்கும் பொருத்தமாயிற்று.

இதை நேரடியாக மையநிரலில் சேர்க்காமல் முதலில் செருகுநிரலாக வளர்ப்பது என்பது திட்டத்தின் முக்கியமான முடிவு. விரும்புவோர் நிறுவிச் சோதிக்கலாம், பிடிக்காதோர் நீக்கிவிடலாம். தவறுகள் இலட்சக்கணக்கான தளங்களைப் பாதிக்கும் முன்பே வெளிப்படும். 2017 ஜூன் மாதம் பாரிஸில் நடந்த ஐரோப்பிய மாநாட்டில் முதற் சோதனைப் பதிப்பு அறிமுகமானது. அதன்பின் குறுகிய இடைவெளிகளில் அடுத்தடுத்த பதிப்புகள் வந்தன. பணி முழுவதும் பொதுவெளியில் நடந்ததால் எவரும் குறை சொல்லவும் நிரலில் திருத்தம் அனுப்பவும் முடிந்தது.

எங்கே சேமிப்பது?

தொகுதிகளை எந்த வடிவில் சேமிப்பது என்ற கேள்விக்குத் தொடக்கத்திலேயே விடை காண வேண்டியிருந்தது. தரவுத்தளத்தில் புதிய அட்டவணை ஒன்றை உருவாக்கி அதில் வைப்பது ஒரு வழி. நிரலாளருக்கு அது வசதியானது. ஆனால் செருகுநிரலை நீக்கினால் எழுதியவை படிக்க முடியாமற் போகும்.

குழு வேறு வழியைத் தேர்ந்தது. கட்டுரை முன்பு சேமிக்கப்பட்ட அதே இடத்தில், சாதாரண எச்.டி.எம்.எல். வடிவிலேயே சேமிக்கப்படும். ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் எச்.டி.எம்.எல். குறிப்புரைகள் காட்டும். உலாவிகள் குறிப்புரைகளைத் திரையில் காட்டுவதில்லை. எனவே செருகுநிரல் இல்லாவிட்டாலும் கட்டுரையை வாசிக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டுரையும் அப்படியே திறக்கும். நிரலாளரின் வசதியைவிட எழுதியவரின் உழைப்புக்கு முதலிடம் தந்த இம்முடிவு இத்திட்டத்தின் சிறந்த பகுதி எனலாம்.

உரிமச் சிக்கல்

தொகுப்பியின் முகப்பு ரியாக்ட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்டது. இந்நூலகம் ஃபேஸ்புக் நிறுவனத்தினுடையது. அதன் உரிமத்தில் காப்புரிமை பற்றிய ஒரு கூடுதல் விதி இருந்தது. 2017 ஜூலையில் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை, அவ்வுரிமம் கொண்ட நிரல்களைத் தன் திட்டங்களில் பயன்படுத்தக்கூடாது என்று அறிவித்தது. ஃபேஸ்புக் தொடக்கத்தில் தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை.

2017 செப்டம்பர் நடுவில், ரியாக்டைக் கைவிட்டு வேறொரு நூலகத்துக்கு மாறப்போவதாக முல்லன்வெக் அறிவித்தார். இதனால் வெளியீடு தாமதமாகும் என்பதையும் ஏற்றுக்கொண்டார். வேர்ட்பிரஸை நம்பித் தளம் நடத்தும் எவரும் உரிமத்தைக் கண்டு அஞ்சும் நிலை வரக்கூடாது என்பதே காரணம். சில நாட்களிலேயே ஃபேஸ்புக் மனம் மாறியது. ரியாக்டை எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் வெளியிடுவதாக அறிவித்தது. கூட்டன்பர்க் ரியாக்டிலேயே தொடர்ந்தது. எனினும் இனி ஒருமுறை இப்படி மாட்டிக்கொள்ளாதிருக்க, ரியாக்டை நேரடியாக அழைக்காமல் இடையில் ஒரு மெல்லிய அடுக்கின் வழியாக அழைக்கும் முறை கடைப்பிடிக்கப்பட்டது.

எதிர்ப்பு

2018 ஆகஸ்ட் 2 அன்று வெளிவந்த 4.9.8 பதிப்பு, கூட்டன்பர்க்கைச் சோதித்துப் பார்க்குமாறு எல்லாத் தள நிருவாகிகளையும் அழைத்தது. சோதனையாளர் எண்ணிக்கை பெருகியது, குறைகளும் பெருகின. செருகுநிரல் பக்கத்தில் பயனர் தந்த மதிப்பெண் ஐந்துக்கு இரண்டை ஒட்டியே நின்றது.

எதிர்ப்புக்குப் பல காரணங்கள் இருந்தன. பழகிய எழுத்துப்பெட்டி மறைவது எழுத்தாளருக்குப் பிடிக்கவில்லை. பழைய தொகுப்பியைச் சார்ந்து எழுதப்பட்ட செருகுநிரல்களைத் திருத்தி எழுத வேண்டிய சுமை அவற்றின் ஆசிரியர்களுக்கு வந்தது. பி.எச்.பி. மொழியை மட்டும் அறிந்த நிரலாளர் ஜாவாஸ்கிரிப்டை ஆழமாகக் கற்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர்களுக்குத் தளம் அமைத்துத் தரும் சிறு நிறுவனங்கள், அவர்களுக்கு மறுபடியும் பயிற்சி அளிக்கும் செலவை எண்ணிக் கவலைப்பட்டன. ஒரு பிரிவினர் 4.9 பதிப்பை அடிப்படையாகக் கொண்டு கிளாசிக்பிரஸ் என்ற தனிக் கிளையையே தொடங்கினர்.

இவர்களுக்கு விடையாக, பழைய தொகுப்பியைத் திரும்பக் கொண்டுவரும் கிளாசிக் எடிட்டர் என்ற செருகுநிரல் அளிக்கப்பட்டது. 2021 இறுதிவரை அது பராமரிக்கப்படும் என்று உறுதி கூறப்பட்டது. அக்காலவரை பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை நிறுவின.

அணுகல்தன்மை

மற்றக் குறைகளைவிட ஆழமானது அணுகல்தன்மை பற்றியது. பார்வையற்றோர் திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். கையசைவில் சிரமம் உள்ளோர் சுட்டி இன்றி விசைப்பலகையால் மட்டும் இயக்குகின்றனர். பழைய தொகுப்பியில் இருந்தது ஒரே எழுத்துப்பெட்டி என்பதால் அவர்களுக்கு அது ஓரளவு எளிதாக இருந்தது. புதியதில் ஒவ்வொரு தொகுதிக்கும் தனிக் கருவிப்பட்டை. சுட்டியை அருகில் கொண்டுசென்றால் மட்டும் தோன்றும் பொத்தான்கள் பல இருந்தன. கண்ணால் பார்ப்பவருக்கு எளிமையானது, காதால் கேட்பவருக்குப் புதிர்வழியானது.

வேர்ட்பிரஸின் அணுகல்தன்மைக் குழு தன்னார்வலர்களைக் கொண்டது. அதில் ரியாக்ட் அறிந்தோர் மிகக் குறைவு. எனவே குறைகளைச் சுட்ட முடிந்ததே தவிர, நிரலில் இறங்கித் திருத்த முடியவில்லை. குழுவின் தலைவர் ரியன் ரீட்வெல்ட் 2018 அக்டோபரில் பொறுப்பிலிருந்து விலகினார். வெளியார் ஒருவரைக்கொண்டு தணிக்கை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை வெளியீட்டுக்குமுன் நிறைவேறவில்லை. பின்னர் உயர்கல்வி நிறுவனங்களில் வேர்ட்பிரஸைப் பயன்படுத்துவோரின் அமைப்பான டபிள்யூபி கேம்பஸ் நிதி திரட்டி, டெனான் நிறுவனத்தைக்கொண்டு தணிக்கை செய்வித்தது. 2019 மே மாதம் வெளியான அவ்வறிக்கை பல குறைகளைப் பட்டியலிட்டது. அவை ஒவ்வொன்றாகத் திருத்தப்படலாயின. கட்டி முடித்த வீட்டுக்குச் சாய்தளம் அமைப்பது போன்ற வேலை அது. வரைபடத்திலேயே இருந்திருந்தால் செலவும் மனக்கசப்பும் குறைந்திருக்கும்.

வெளியீட்டு நாள்

பணி முடிந்தபின் வெளியிடுவது என்று தொடங்கிய திட்டம், இறுதியில் நாள்காட்டிக்கே திரும்பியது. 2018 நவம்பர் 19 என்று நாள் குறிக்கப்பட்டது. அது நவம்பர் 27 ஆகத் தள்ளிப்போனது. பின்னர் அதுவும் தவறியது. சனவரிக்குத் தள்ளிவைக்குமாறு பலர் வேண்டினர். நன்றி நவிலல் நாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் இடைப்பட்ட விற்பனைக் காலத்தில் கடைத்தளங்களைக் கலைக்க வேண்டாம் என்றனர். ஆயினும் இரண்டு மூன்று நாள் முன்னறிவிப்போடு டிசம்பர் 6 குறிக்கப்பட்டு, அன்றே 5.0 வெளியானது. மறுநாள் நாஷ்வில் நகரில் வேர்ட்பிரஸின் ஆண்டு மாநாடு தொடங்கியது.

பின்னைய வளர்ச்சி

அம்மாநாட்டில் நான்கு கட்டத் திட்டம் விளக்கப்பட்டது. எளிய தொகுத்தல், முழுத் தளத்தையும் தொகுதிகளால் அமைத்தல், பலர் சேர்ந்து எழுதுதல், பன்மொழி ஆதரவு என்பன அவை. இரண்டாம் கட்டத்தின் முக்கியப் பகுதி 2022 சனவரியில் 5.9 பதிப்புடன் வந்தது. மூன்றாம் கட்டப் பணி 2023இல் தொடங்கியது. நார்வேயின் ஃபிரன்ட்காம் நிறுவனம் இத்தொகுப்பியைத் துருப்பல் என்னும் மற்றோர் உள்ளடக்க மேலாண்மை அமைப்புக்கும் கூறாக மாற்றித் தந்தது. இன்றும் கூட்டன்பர்க் செருகுநிரலாகவே தொடர்கிறது. புதிய வசதிகள் முதலில் அதில் சோதிக்கப்பட்டு, பக்குவப்பட்டபின் மையநிரலுக்குச் செல்கின்றன.

நான்காம் கட்டமான பன்மொழி ஆதரவு தமிழ்த் தளங்களுக்கு நேரடித் தொடர்புடையது. ஒரே கட்டுரையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைக்க விரும்புவோர் இப்போது பிறர் எழுதிய செருகுநிரல்களையே நாடவேண்டியுள்ளது. அது மையநிரலிலேயே வருமானால் சிறிய பள்ளிகளும் நூலகங்களும் பயன்பெறும்.

மதிப்பீடு

தொகுதி முறை நிலைத்துவிட்டது என்பதில் ஐயமில்லை. செருகுநிரலாக வளர்த்ததும், பழைய கட்டுரைகள் கெடாமல் காத்ததும், திரும்பிச் செல்ல வழி வைத்ததும் இத்திட்டத்தின் வலிமைகள். உடன் உழைத்த தன்னார்வலருக்குப் புதிய மொழியைக் கற்கக் காலம் தராததும், அணுகல்தன்மையைக் கடைசிக்கு விட்டதும், நாள் குறிப்பதில் காட்டிய தடுமாற்றமும் அதன் குறைகள். ஒரு கூறினைத் திட்டமிடுவோர் முதல் தாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று: இதை நீக்கினால் பயனரின் எழுத்து என்னாகும்? இதை யாரால் பயன்படுத்த முடியாது? எது முடிந்தால் இது முடிந்ததாகும்? கூட்டன்பர்க் குழு முதற் கேள்விக்கு முன்னதாகவே விடை கண்டது. மற்ற இரண்டுக்கும் வெளியீட்டுக்குப் பின்னும் விடை தேட வேண்டியிருந்தது.