பிரசவச் செலவு (தமிழ்நாடு)

கருவுற்ற நாள் முதல் குழந்தை பிறந்து தாயும் சேயும் வீடு திரும்பும் வரை மருத்துவத்துக்காகவும் அதையொட்டிய தேவைகளுக்காகவும் ஒரு குடும்பம் கொடுக்கும் தொகை பிரசவச் செலவு எனப்படும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை. அதே ஊரின் தனியார் நர்சிங் ஹோமில் சில பத்தாயிரங்கள் ஆகின்றன. பெருநகரத்தின் கார்ப்பரேட் மருத்துவமனையில் தனி அறை எடுத்துச் சிசேரியன் செய்துகொண்டால் தொகை லட்சத்தைத் தாண்டுவது வழக்கம். மூன்று இடத்திலும் நடப்பது ஏறத்தாழ ஒரே மருத்துவம்தான். கட்டணம் இப்படிப் பிரிந்ததன் வேர் இந்த மருத்துவமனைகள் தோன்றிய வரலாற்றில் இருக்கிறது.

மருத்துவச்சி காலம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை கிராமங்களில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில்தான் நடந்தன. பேறு பார்த்தவர் ஊர் மருத்துவச்சி. பல ஊர்களில் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்களே தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்துவந்தனர். அவர்களுக்குக் கூலி நெல்லாகவும் புடவையாகவும் வெற்றிலை பாக்கில் வைத்த சில்லறையாகவும் வந்தது. வசதியான வீடு அதிகம் கொடுத்தது, இல்லாத வீடு அறுவடைக்குப் பின் கொடுத்தது. குடும்பத்தின் வசதியைப் பார்த்து விலை வைக்கும் வழக்கம் பிரசவத்தைப் பொறுத்தவரை கார்ப்பரேட் மருத்துவமனைகள் கண்டுபிடித்ததன்று. அன்று வசதிக்கேற்ப மாறியது கொடுப்பவரின் மனம், இன்று மாறுவது மருத்துவமனையின் கட்டணப் பட்டியல்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற மரபும் செலவின் போக்கைத் தீர்மானித்தது. ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு முடித்துப் பெண்ணை அழைத்துவந்த பிறந்த வீட்டார்தான் மருத்துவச்சி கூலி, காயம், பிரசவ லேகியம், குழந்தைக்கான சீர் எல்லாவற்றையும் ஏற்றனர். இன்றும் முதல் பிரசவத்தின் மருத்துவமனைக் கட்டணத்தைப் பல குடும்பங்களில் பெண்ணின் தந்தைதான் கட்டுகிறார். எந்த மருத்துவமனை என்று முடிவு செய்பவர் கணவன் வீட்டாராகவும் பணம் கட்டுபவர் பெண் வீட்டாராகவும் இருக்கும்போது, கட்டணத்தைப் பேசிக் குறைக்கும் நிலையில் எவரும் இருப்பதில்லை. மருத்துவப் பொருளாதாரம் பற்றி எழுதுவோர் இதை அதிகம் கவனிப்பதில்லை.

மகப்பேறு மருத்துவமனைகளின் தோற்றம்

சென்னையில் 1844இல் தொடங்கப்பட்ட லையிங்-இன் ஆஸ்பத்திரிதான் இன்று எழும்பூர் அரசு மகளிர் நோயியல் மற்றும் மகப்பேறு மருத்துவமனையாக வளர்ந்துள்ளது. ஆசியாவின் மிகப் பழைய மகப்பேறு மருத்துவமனைகளுள் இது ஒன்று. பத்து ஆண்டுகள் கழித்து 1854இல் இங்கே மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு ஒப்புதல் தந்தது. தொடக்க காலத்தில் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர், இந்தியர் எனப் படுக்கைகள் பிரிந்திருந்தன. எந்தப் படுக்கையில் யார் என்பதைப் பணத்துக்கு முன்பே இனமும் சாதியும் தீர்மானித்தன. சாதி வீட்டுப் பெண்களும் கோஷா எனப்படும் திரைமறைவு முறையைப் பின்பற்றிய முஸ்லிம் பெண்களும் ஆண் மருத்துவர்கள் இருந்த அந்த மருத்துவமனைக்கு வரத் தயங்கினர். இலவசமாக இருந்தும் அது அவர்களுக்குப் பெரிதும் பயன்படவில்லை.

இந்தத் தடையை உடைத்தவர் மேரி ஷார்லிப். வழக்கறிஞரான கணவருடன் சென்னைக்கு வந்த இவர், முதலில் லையிங்-இன் ஆஸ்பத்திரியில் பேறுகாலப் பணி கற்றார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களுள் ஒருவராகி 1878இல் தேர்ச்சி பெற்றார். லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவரின் முயற்சியால் 1885இல் பெண்களுக்கென்றே விக்டோரியா சாதி-கோஷா மருத்துவமனை தொடங்கியது. வேங்கடகிரி அரசர் இதன் கட்டடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். திருவல்லிக்கேணியில் இருக்கும் இதன் இன்றைய பெயர் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆட்டோக்காரருக்குக் கோஷா ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும். வடசென்னையில் ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரிலுள்ள ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் இதே காலத்துக் கொடைகளின் வழியில் வந்தது. செல்வந்தர் கட்டடம் கொடுப்பது, அரசு ஊழியர்களைக் கொடுப்பது, ஏழைப் பெண் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்வது என்ற ஏற்பாடு இவ்வாறு நிலைபெற்றது. 1885இலேயே வைஸ்ராயின் மனைவி டஃபரின் சீமாட்டியின் பெயரில் உருவான நிதியும் இந்த ஏற்பாட்டை இந்தியா முழுவதும் பரப்பியது.

மருத்துவச்சி கூலி, கட்டணமில்லா மருத்துவமனை ஆகியவற்றுக்கு அப்பால் மூன்றாவது வழியொன்றை மிஷன் மருத்துவமனைகள் கண்டன. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பெண் மருத்துவர் கேட்டு வந்து, ஆண் மருத்துவரை ஏற்க மறுத்துத் திரும்பியதும், அந்த மூன்று பெண்களும் பேறுகாலத்தில் இறந்ததுமே அங்கிருந்த மிஷனரி மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்கவைத்தன. 1900இல் வேலூர் திரும்பிய அவர் 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். அதிலிருந்து வளர்ந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, கட்ட முடிந்தவரிடம் வாங்கி முடியாதவருக்குக் குறைக்கும் முறையை இன்றும் பின்பற்றுகிறது. மூன்று வழிகளிலும் இதுவே நேர்மையானது. நன்கொடையும் குறைந்த சம்பளத்துக்குப் பணிபுரிய முன்வரும் மருத்துவர்களும் இல்லாத இடத்தில் இதைத் தொடர முடிவதில்லை என்பதால் அது பரவவில்லை.

எழும்பூர் மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ஆ. லட்சுமணசாமி முதலியார் எழுதிய மகப்பேறு மருத்துவ நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று. அரசு மருத்துவமனையில் பயின்ற மருத்துவர்கள் மாலையில் வீட்டு வாசலில் பலகை தொங்கவிட்டுப் பார்த்த தனி வைத்தியமே பிற்காலத்து நர்சிங் ஹோமின் தொடக்கம்.

அரசின் உதவித்தொகை

ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குப் பேறுகாலப் பணம் தரும் மெட்ராஸ் மகப்பேறு நலச் சட்டம் 1934இல் வந்தது. பிறகு இந்தியா முழுமைக்குமான மகப்பேறு நலச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. வயலிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பெண்ணுக்கு இவற்றால் பயனில்லை.

அந்தப் பெண்ணை எண்ணித் தொடங்கப்பட்டது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987இல் 300 ரூபாயாக இருந்த தொகை 2006இல் 6,000 ஆகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ஆகவும் உயர்ந்தது. பெட்டகம் போகத் தவணைகளாக வங்கிக் கணக்கில் சேரும் இத்தொகை மருத்துவக் கட்டணத்துக்கென்று தரப்படுவதில்லை. பேறுகாலத்தில் இழக்கும் கூலிக்கும் சத்தான உணவுக்கும் ஈடாகவே தரப்படுகிறது. மத்திய அரசின் ஜனனி சுரக்ஷா திட்டம் (2005), பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் (2017) ஆகியவையும் உள்ளன. மருத்துவச் செலவை நேரடியாகத் துடைத்தது 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம். சிசேரியன் உட்படப் பிரசவம், மருந்து, ரத்தம், பரிசோதனை, வாகனம் ஆகியவற்றுடன் சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள் உணவும் சிசேரியனுக்கு ஏழு நாள் உணவும் இலவசம் என அது உறுதி தந்தது.

தமிழ்நாட்டில் இந்த உறுதி பெருமளவு நிறைவேறக் காரணம் 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுவதற்கும் மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி வழியே மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைப்பதால், வெளியே மருந்துச் சீட்டு எழுதிக்கொடுக்கும் வழக்கம் பெரிதும் குறைந்தது. இதே மருந்துகளுக்குத் தனியார் மருத்துவமனை மருந்தகம் அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச விலையை வாங்குகிறது.

இலவசத்திலும் செலவுண்டு. துணைக்கு இருப்பவரின் கூலி இழப்பு, அவருடைய சாப்பாடு, போக்குவரத்து, வார்டில் சிலர் கேட்டு வாங்கும் பணம் ஆகியவை அதில் அடங்கும். ஆண் குழந்தை என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதற்குக் குறைவு என்று கேட்கப்படுவது நெடுங்காலமாக எல்லாரும் அறிந்த கொடுமை. 1990களில் தமிழ்நாட்டில் ஆய்வு செய்த மானிடவியலாளர் செசிலியா வான் ஹோலன் தம் நூலில் (2003) இதைப் பதிவு செய்துள்ளார்.

தனியார் கட்டணத்தின் கூறுகள்

தனியார் பில்லின் அடித்தளம் அறை. ஜெனரல் வார்டு, இருவர் அறை, தனி அறை, டீலக்ஸ் என்று வகை ஏற ஏற, அறை வாடகையுடன் மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் பரிசோதனைக் கட்டணமும் பல மருத்துவமனைகளில் ஏறுகின்றன. அதே மருத்துவர், அதே கத்தி, அதே நாற்பத்தைந்து நிமிடம்; விலை மட்டும் வேறு. நாளொன்றுக்கு 5,000 ரூபாயைத் தாண்டும் அறைக்கு 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் விலக்கு.

அடுத்தது ஆட்கள். மனைவி மகப்பேறு மருத்துவராகவும் கணவர் மயக்க மருத்துவராகவோ குழந்தை மருத்துவராகவோ இருந்து நடத்தும் சிற்றூர் நர்சிங் ஹோமில் வெளியாள் கட்டணம் மிச்சம். பெரிய மருத்துவமனையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டணம். அதற்கு ஈடாக இரவு இரண்டு மணிக்கும் மயக்க மருத்துவர் கட்டடத்துக்குள்ளேயே இருப்பார், ரத்த வங்கி இருக்கும், எடை குறைந்த குழந்தைக்கு இன்குபேட்டர் இருக்கும். சிற்றூரில் சிக்கல் வந்தால் ஆம்புலன்ஸ்தான். குறைந்த கட்டணம் எந்த வசதி இல்லாததால் குறைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

மூன்றாவதாக, பேக்கேஜ். சொல்லப்படும் தொகை பெரும்பாலும் தாய்க்கு மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட நாள்களுக்கே. பிறந்த மறுகணம் குழந்தை தனி நோயாளியாகிவிடுகிறது. மஞ்சள் காமாலைக்கு விளக்கொளியில் வைத்தாலோ மூச்சுத் திணறலுக்குத் தீவிர சிகிச்சையில் சேர்த்தாலோ அது வேறு பில், பல வேளைகளில் தாயின் பில்லைவிடப் பெரிய பில். வலியில்லாப் பிரசவத்துக்கான எபிடியூரல், நெகட்டிவ் ரத்த வகைத் தாய்க்கான ஆன்டி-டி ஊசி, கூடுதல் ரத்தம் போன்றவையும் பேக்கேஜுக்கு வெளியே நிற்கலாம். தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு என்ற பெயரில் இதே வேளையில் விற்கப்படும் திட்டத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை; பயத்தை வைத்து நடக்கும் வணிகம் அது.

சிசேரியன்

சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் இடையிலுள்ள கட்டண வேறுபாடுதான் தனியார் பிரசவத்தின் பொருளாதாரத்தைத் தீர்மானிக்கிறது. சுகப்பிரசவத்துக்குப் பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரம் ஆள் காத்திருக்க வேண்டும், வருமானமோ குறைவு. சிசேரியன் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது, அரங்கம், மயக்க மருந்து, கூடுதல் நாள் வாடகை எல்லாம் வரவாகின்றன. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் 63.8, அரசில் 36.0. அதற்கு முந்தைய ஆய்வில் (2015–16) மொத்தம் 34.1. மக்கள்தொகை அளவில் 10 விழுக்காட்டைத் தாண்டிய பின் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. தாயின் வயது, உடல் எடை, சர்க்கரை, முந்தைய சிசேரியன், நல்ல நேரம் குறித்துக் கேட்கும் குடும்பத்தார் என்று மருத்துவர்கள் சொல்லும் காரணங்களும் உண்மையே. எனினும் ஒரே மாநிலத்துப் பெண்களிடையே இவ்வளவு இடைவெளிக்குக் கட்டண அமைப்பே முதன்மைக் காரணம். அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் எண்ணிக்கை உயர்ந்திருப்பதற்கு, சிக்கலான பிரசவங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் அனுப்பப்படுவது பெரும் காரணம்.

காப்பீடு

தனிநபர் மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அது பெரும்பாலும் கர்ப்ப காலத்தைவிட நீண்டது. எனவே கர்ப்பம் தெரிந்தபின் எடுத்துப் பயனில்லை. நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் குழுக் காப்பீட்டில் காத்திருப்பு பொதுவாக இல்லை, ஆனால் உச்சவரம்பு உண்டு. தனி அறைச் சிசேரியன் அதைத் தாண்டிவிடும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்ந்த பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பிரசவம் இலவசம், 26 வாரப் பணப்பயனும் உண்டு.

தற்போதைய நிலை

தனியார் மருத்துவமனைகளைப் பதிவுசெய்து நெறிப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997இல் வந்து 2018இல் திருத்தப்பட்டது. பிரசவத்துக்கு மாநிலம் முழுவதும் ஒரே உச்சக் கட்டணம் நிர்ணயிக்கப்படவில்லை.