மோனோகுளோனல் ஆன்டிபாடி: சுண்டெலி தந்த அடையாள அட்டை

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலைப்படியில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? மஞ்சள் உடை, மொட்டைத் தலை, தோளில் காவடி. மணவூரிலிருந்து வந்தவர் யார், நகரியிலிருந்து வந்தவர் யார், உள்ளூர்க்காரர் யார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஆளுக்கு ஓர் அடையாள அட்டை மாட்டிவிட்டால்தான் பிரித்து அறிய முடியும்.

1960-களில் நோய் எதிர்ப்பு சக்தியை ஆராய்ந்த விஞ்ஞானிகளுக்கும் இதே சிக்கல்தான் இருந்தது. ரத்தத்தில் உள்ள லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்கள் மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். வட்டமான பெரிய உட்கரு, சுற்றிலும் கொஞ்சம் திரவம், அவ்வளவுதான். ஆனால் அவை செய்யும் வேலை ஒன்றல்ல. 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார். அந்தக் குட்டிகளால் நோயை எதிர்க்க முடியவில்லை. தைமஸில் பக்குவப்படும் அணுக்களுக்கு டி செல் என்றும், ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருளைச் சுரக்கும் அணுக்களுக்கு பி செல் என்றும் பிறகு பெயர் வந்தது. பெயர் வைத்தாயிற்று. ஆனால் கண்ணெதிரே இருக்கும் ஓர் அணு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வகைக்கு வகை அவை மாறும். அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருள் கிடைத்தால் அதுவே அடையாள அட்டை. அப்படி ஒட்டிக்கொள்வதுதான் ஆன்டிபாடியின் பிறவிக்குணம். ஆகவே ஒரு விலங்கின் அணுவை இன்னொரு விலங்குக்கு ஊசி மூலம் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடிகளை எடுத்துப் பயன்படுத்தினார்கள். தொல்லை என்னவென்றால், அந்த ரத்தத்தில் ஒரு வகை ஆன்டிபாடி மட்டும் இருக்காது, பல நூறு வகைகள் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு புரதத்தில் போய் ஒட்டும். அந்த விலங்கு இறந்துபோனால் அதே கலவை மறுபடி கிடைக்காது. ஓர் ஊரில் செய்த சோதனையை இன்னோர் ஊரில் அப்படியே செய்து பார்ப்பது பெரும்பாடாக இருந்தது.

1975-ல் இதற்கு வழி பிறந்தது. அர்ஜென்டினாவில் பிறந்து, அங்கிருந்த அரசியல் நெருக்கடியால் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டவர் சீசர் மில்ஸ்டைன். கேம்பிரிட்ஜில் இருந்த அவருடைய ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த ஜெர்மானிய இளைஞர் ஜார்ஜஸ் கோலர். ஒரு பி செல் ஒரே வகை ஆன்டிபாடியைத்தான் சுரக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதை வெளியே எடுத்து வளர்த்தால் சில நாட்களில் செத்துவிடும். மைலோமா என்னும் புற்றணுவோ சாகாமல் பெருகிக்கொண்டே போகும். இரண்டையும் ஒட்டவைத்தால் என்ன?

சுண்டெலி ஒன்றுக்கு ஆட்டின் சிவப்பணுக்களை ஊசி போட்டார்கள். அதன் மண்ணீரலிலிருந்து பி செல்களை எடுத்து, சுண்டெலியின் மைலோமா அணுக்களோடு சென்டாய் வைரஸின் உதவியால் இணைத்தார்கள். இணையாமல் மிஞ்சும் அணுக்களை என்ன செய்வது? அதற்கும் ஒரு தந்திரம் இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட மைலோமாவுக்கு ஒரு முக்கியமான நொதி கிடையாது. ஹாட் என்ற வளர்ப்புத் திரவத்தில் விட்டால் அது தனியாகப் பிழைக்காது. தனி பி செல்லும் தானாகவே செத்துவிடும். பி செல்லிடமிருந்து நொதியையும் மைலோமாவிடமிருந்து சாகாவரத்தையும் பெற்ற கலப்பு அணு மட்டும் பிழைக்கும். அதுதான் ஹைப்ரிடோமா. அதில் ஒரே ஓர் அணுவைத் தனியே பிரித்து வளர்த்தால், அதன் வாரிசுகள் எல்லாம் ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும். ஒரே குலத்தில் பிறந்ததால் அதற்கு மோனோகுளோனல் ஆன்டிபாடி என்று பெயர். இருவருக்கும், கூடவே நீல்ஸ் யெர்னாவுக்கும், 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இந்த முறைக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. ஆய்வகத்தின் நிர்வாகம் பிரிட்டிஷ் அரசின் உரிய அமைப்புக்குத் தகவல் தெரிவித்தும், உடனடிப் பயன் எதுவும் தெரியவில்லை என்று அந்த அமைப்பு விட்டுவிட்டது. மில்ஸ்டைன் தன்னுடைய மைலோமா அணுக்களைக் கேட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அப்படி வாங்கிப்போன அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்து ஆய்வாளர்கள், வைரஸுக்கும் புற்றணுவுக்கும் எதிரான ஆன்டிபாடிகளுக்கு 1979-லும் 1980-லும் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். கொடுத்தவரிடம் இல்லாத காப்புரிமை வாங்கியவரிடம் போய்ச் சேர்ந்தது!

ஆனாலும் அடிப்படை முறை பொதுச்சொத்தாகவே இருந்தது. அதனால்தான் அது வேகமாகப் பரவியது. சுண்டெலியின் உடம்பு தன்னுடைய சொந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி செய்யாது. ஆகவே சுண்டெலியின் அணுக்களை ஆராய வேண்டும் என்றால், அதைவிடப் பெரிய இனமான எலிக்கோ ஹாம்ஸ்டருக்கோ அவற்றை ஊசி போட வேண்டும். மில்ஸ்டைனின் ஆய்வகத்துக்கு வந்த டிமதி ஸ்பிரிங்கர் 1978-ல் இதைத்தான் செய்தார். எலியின் மண்ணீரலையும் சுண்டெலியின் மைலோமாவையும் இணைத்து, சுண்டெலி வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் அதுவரை யாரும் அறியாத புரதங்களைக் கண்டுபிடித்தார். அதில் பிறந்த எம்1/70 என்ற ஆன்டிபாடியை இன்றும் உலகெங்கும் ஆய்வகங்கள் வாங்கிப் பயன்படுத்துகின்றன.

அடுத்த வேட்டை டி செல்லின் ஏற்பிக்காக. கிருமியை டி செல் எதைக் கொண்டு அடையாளம் காண்கிறது? பல ஆண்டுகளாகத் தேடியும் பிடிபடாத கேள்வி இது. ஒரே ஒரு டி செல் குலத்தில் மட்டும் ஒட்டி, மற்ற எதிலும் ஒட்டாத ஆன்டிபாடி கிடைத்தால், அது ஒட்டும் இடம்தான் அந்த ஏற்பியாக இருக்க வேண்டும் என்று யோசித்தார்கள். 1982-83-ல் டெக்சாஸில் ஜேம்ஸ் ஆலிசன், டென்வரில் ஜான் காப்ளர், ஃபிலிப்பா மாரக் தம்பதி, பாஸ்டனில் எல்லிஸ் ரைன்ஹெர்ஸ் என மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அப்படிப்பட்ட ஆன்டிபாடிகளால் அதைப் பிடித்தன. முதல் இரண்டு குழுக்களும் ஆராய்ந்தது சுண்டெலியின் அணுக்களை. அந்த ஏற்பியின் மரபணுக்கள் 1984-ல்தான் கிடைத்தன. முதலில் அடையாள அட்டை, பிறகுதான் ஆளின் ஜாதகம்!

இப்படி ஆளாளுக்கு ஆன்டிபாடி செய்து ஆளாளுக்குப் பெயர் வைக்கவே, ஒரே புரதத்துக்கு நான்கைந்து பெயர்கள் சேர்ந்து குழப்பம் வந்தது. 1982-ல் பாரிஸில் கூடிப் பொது எண்கள் கொடுத்தார்கள். சிடி4, சிடி8 என்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் கேட்கும் பெயர்கள் அப்படி வந்தவைதான்.

சிடி4 என்றதும் தமிழ்நாட்டுக்கு ஒரு சோகக் கதை ஞாபகம் வரும். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மதராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் சேகரித்த ரத்த மாதிரிகள், வேலூர் சிஎம்சி-யில் சோதிக்கப்பட்டன. அந்த வைரஸ் டி செல்லுக்குள் நுழையும் வாசலே சிடி4 ஏற்பிதான் என்பதை இரண்டாண்டு முன்பு, 1984-ல், மோனோகுளோனல் ஆன்டிபாடிதான் காட்டியிருந்தது. சிடி4-ஐ ஆன்டிபாடியால் மூடினால் வைரஸால் உள்ளே போக முடியவில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து தரத் தொடங்கியபோது, யாருக்கு எப்போது மருந்து தொடங்க வேண்டும் என்பதை முடிவு செய்ய உதவியது சிடி4 எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையை எடுக்க, ஒளிரும் சாயம் பூசிய மோனோகுளோனல் ஆன்டிபாடி வேண்டும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ஓர் எண்ணுக்காகக் காத்திருந்த காலம் அது.

அதுவரை ஆன்டிபாடியின் வேலை பெரும்பாலும் அடையாளம் காட்டுவது. ஆனால் ஏற்பியில் போய் ஒட்டும் பொருள் அந்த ஏற்பியின் வேலையைத் தடுக்கவும் செய்யுமே! இந்த இடத்தில்தான் ஓர் இந்தியர் கதைக்குள் வருகிறார்.

ரஃபி அகமது ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போய், ஹார்வர்டில் 1981-ல் முனைவர் பட்டம் பெற்றவர். சுண்டெலிகளைத் தாக்கும் எல்சிஎம்வி என்ற வைரஸை எடுத்துக்கொண்டார். ஒரு ரகம் தாக்கினால் சுண்டெலி ஒரு வாரம் பத்து நாளில் வைரஸை விரட்டிவிடும். அவரும் கூட்டாளிகளும் 1984-ல் பிரித்தெடுத்த குளோன் 13 என்ற இன்னொரு ரகமோ உடம்பிலேயே தங்கிவிடும். ஏன் விரட்ட முடியவில்லை? டி செல்கள் செத்துப்போய்விட்டனவா? அவருடைய குழு 1998-ல் வெளியிட்ட விடை வேறு மாதிரி இருந்தது. டி செல்கள் உயிரோடுதான் இருந்தன, ஆனால் வேலை செய்யவில்லை. நீண்ட போரில் களைத்துப் போயிருந்தன.

களைப்புக்குக் காரணம் என்ன? ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் குழு 1992-லேயே சுண்டெலி அணுக்களில் பிடி-1 என்ற ஏற்பியைக் கண்டுபிடித்திருந்தது. அது டி செல்லுக்கு பிரேக் போடும் ஏற்பி என்று பிறகு தெரிந்தது. களைத்த டி செல்களில் இந்த பிடி-1 ஏராளமாக இருப்பதை ரஃபி அகமதுவின் எமரி பல்கலைக்கழகக் குழு கவனித்தது. பிரேக்கை அழுத்தும் பிடி-எல்1 என்ற புரதத்தை ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடியால் மூடிப் பார்த்தார்கள். களைத்த டி செல்கள் விழித்துக்கொண்டன. சுண்டெலியின் உடம்பில் வைரஸ் குறைந்தது. 2006-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. அதே ஆண்டு எச்ஐவி நோயாளிகளின் டி செல்களிலும் பிடி-1 அதிகமாக இருப்பது தெரியவந்தது.

புற்றுநோயிலும் இதே கதைதான். முன்பு பார்த்த ஜேம்ஸ் ஆலிசன், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை ஆன்டிபாடியால் மூடினால் சுண்டெலியின் கட்டி கரைகிறது என்று 1996-லேயே காட்டியிருந்தார். அந்த வழியில் வந்த இபிலிமுமாப் 2011-லும், பிடி-1-ஐ மூடும் நிவோலுமாப் 2014-லும் மருந்தாக அனுமதி பெற்றன. இரண்டுமே, மனித ஆன்டிபாடி மரபணுக்களைப் புகுத்தி வளர்த்த சுண்டெலிகளிலிருந்து பிறந்தவை. 2018-ல் ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து வந்தது, சரி. யாருக்கு வந்தது? புகையிலையாலும் பாக்காலும் வாய்ப்புற்றுநோய் மலிந்த நாடு நம்முடையது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள், விவசாயிகள். இந்த மருந்தின் விலை அவர்களில் மிகச் சிலருக்கே எட்டும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை மருத்துவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்டார்கள். பிடி-1 ஏற்பியை மூடுவதுதானே நோக்கம்? மிகக் குறைந்த அளவு மருந்திலேயே ஏற்பிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிடுகின்றன என்று ஆரம்பகாலச் சோதனைகள் காட்டியிருக்கும்போது, ஏன் அவ்வளவு கொடுக்க வேண்டும்?

வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் முற்றிய 151 பேர் ஆய்வில் இருந்தார்கள். எல்லோருக்கும் விலை குறைந்த மாத்திரைச் சிகிச்சை உண்டு. பாதிப் பேருக்கு அதோடு இந்தச் சிறிய அளவு நிவோலுமாப். 2022-ல் முடிவு வெளியானது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம். ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது. ஆகவே இரண்டும் சமம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஊசியே கிடைக்காது என்றிருந்தவருக்கு ஒப்பீடு முழு அளவோடு அல்லவே, ஒன்றுமே இல்லாத நிலையோடுதானே!

அணுக்களைப் பிரித்து அறிய ஓர் அடையாள அட்டை கேட்டவர்களுக்கு சுண்டெலியின் மண்ணீரல் அதைக் கொடுத்தது. அது எண்ணிக்கை சொல்லும் கருவியாகி, பிரேக்கைத் தளர்த்தும் மருந்தாகவும் ஆயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் அணுக்களை அனுப்பி வைத்த மில்ஸ்டைன் 2002-ல் காலமானார். அவர் திறந்து வைத்த வழியில் பிறந்த மருந்துகள் இன்று உலகின் மிக விலை உயர்ந்த மருந்துகளில் சேர்ந்துவிட்டன. விலைச்சீட்டைப் பார்த்து மலைக்காமல், ஏற்பியைப் பார்த்துக் கணக்குப் போட்ட மும்பை மருத்துவர்களைத் தெரிந்திருந்தால், அவர் நிச்சயம் மகிழ்ந்திருப்பார்.