ஊவாவின் சிங்கோனாவும் கலத்தின் அமிலமும்

1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் முதன்முதலாகக் காணப்பட்ட கோப்பி இலைநோய் ஊவாவின் வரலாற்றையே மாற்றியது. கோப்பி வீழவே, தோட்டத்துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். மலேரியாவுக்கு மருந்தாகிய குயினைன் இம்மரப்பட்டையிலிருந்தே பெறப்பட்டது. ஹக்கலைப் பூங்கா 1861இல் அமைக்கப்பட்டதும் இம்மரத்தின் பொருட்டேயாம்.

மரத்தை நட்டு வளர்த்தோர், மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர். அவ்வழியிற் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். 1880களின் நடுவில் பட்டை ஏற்றுமதி உச்சமடைந்தது. விலை சரிந்ததும் தேயிலை அவ்விடத்தைக் கைப்பற்றியது. நோயாளரின் தேவையன்று, சந்தை விலையே அம்மரத்தின் ஆயுளை வரையறுத்தது.

பின்னர் வந்த செயற்கை மருந்தாகிய குளோரோகுயின் செயற்படும் முறையை இன்றைய உயிரியல் விளக்குகின்றது. மலேரியா ஒட்டுண்ணியின் உணவுப் புன்வெற்றிடத்தைப் புரோத்தன் பம்பி அமிலமாக்குகின்றது. அவ்வமிலத்திலேயே மருந்து சிக்கித் தேங்குகின்றது. இவ்வினப் பம்பி மனிதக் கலங்களிலும் உண்டு. அதன் ஒரு கூறினை ஆக்குவது ஏடிபி6வி1ஏ என்னும் பரம்பரையலகு. துரைக்கும் தொழிலாளிக்கும் அவ்வலகு பொதுவானதே, வாழ்வே வேறுபட்டது.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்றளிக்கப்பட்டது. அவ்வெற்றியின் முன்வரலாற்றில் சிங்கோனா நட்ட கைகளுக்கும் இடமுண்டு.