புகையில்லா மலையில் மனித மூச்சு

சுற்றுலாத் தலங்களில் புகை கக்கும் ஊர்திகள் வேண்டாம், சிறிய தூய ஊர்திகளே போதும் என்னும் குரல் இன்று எங்கும் ஒலிக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆயினும், அந்தத் தூய்மைக்கு விலை கொடுப்பவர் யார் என்று நாம் கேட்பதுண்டா? மராட்டிய மாநிலத்து மாத்தேரான் மலையின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

மும்பைக்குக் கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில், ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் மாத்தேரான். 1850-இல் தானே ஆட்சியராயிருந்த ஹியூ மாலெட் என்னும் ஆங்கிலேயர் அங்கு ஏறிச்சென்றபின், அது கோடை வாழிடமாக வளர்ந்தது. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தாரின் பொருளாலும் உழைப்பாலும் 1907-இல் அடிவாரத்து நேரல் ஊரிலிருந்து இரண்டடி அகலத் தண்டவாளத்தில் சிற்றிரயில் மலையேறியது. ஊருக்குள்ளோ மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. நோயூர்தி போன்றவற்றிற்கே விலக்கு உண்டு. 2003-இல் நடுவண் அரசும் அப்பகுதியைச் சூழல் காப்புக்குரியதென அறிவித்தது. காரில் வருவோர் தஸ்தூரி என்னுமிடத்தில் இறங்கிவிட வேண்டும். அதன்பின் நெடுங்காலம் நடை, குதிரை, அல்லது கைரிக்‌ஷாவே வழியாயிருந்தது.

மரங்கள் பிழைத்தன, காற்றும் மாசுபடவில்லை. இதனைப் போற்றாமல் இருக்க இயலாது. ஆனால் ஏற்றமும் இறக்கமுமான அச்செம்மண் பாதையில் முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் மற்றவர் தள்ள, பயணியர் அமர்ந்து சென்றனர். எரிபொருள் செய்ய வேண்டிய வேலையை ஏழையின் நெஞ்சுக்கூடு செய்தது. அந்த மூச்சிரைப்பு எந்த மாசுக் கணக்கிலும் இடம்பெறவில்லை.

தமிழகத்தில் கலைஞர் மு. கருணாநிதி ஆட்சியில், 1973-இலேயே கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது. இழுத்தவர்களுக்கு மிதிவண்டி ரிக்‌ஷாக்கள் வழங்கப்பட்டன. மாத்தேரானிலோ அதற்குப் பின்னும் அரை நூற்றாண்டு கடந்தது. இறுதியில் ரிக்‌ஷா இழுத்தவர்களே தங்களுக்கு மின்ரிக்‌ஷா வேண்டுமென நீதிமன்றத்தை நாடினர். குதிரை வைத்துப் பிழைப்போர் தம் வாழ்வு கெடுமென அஞ்சி எதிர்த்தனர். அவர்களது அச்சத்தையும் நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. 2022-இல் உச்ச நீதிமன்றம் சோதனை முறையில் மின்ரிக்‌ஷாக்களை அனுமதித்தது. 2025 ஆகஸ்டு மாதத்தில், கைரிக்‌ஷாவை ஆறு மாதத்திற்குள் ஒழிக்குமாறும், நிதியின்மையைக் காரணம் காட்டலாகாதென்றும் கட்டளையிட்டது. மனிதரை மனிதர் இழுப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்பதே தீர்ப்பின் உட்பொருள். குஜராத்தின் கெவாடியாவில் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி தந்து மின்ரிக்‌ஷாக்களை வாடகைக்கு வழங்கும் முறையையும் நீதிபதிகள் எடுத்துக்காட்டினர்.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வண்டியை மாற்றுவதோடு நீதி நிறைவுறுவதில்லை. புதிய வண்டிகள் பணம் படைத்தவர் கைக்குப் போய்விட்டால், நேற்றுவரை இழுத்தவர் இன்று வேலையின்றி வழியோரம் நிற்பார். அவரது முதுகுச்சுமை நீங்கும், அடுப்பு அணைந்துவிடும். ஆகவேதான், உண்மையாக இழுத்துவந்தவர்களுக்கே மின்ரிக்‌ஷா சேர வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியது.

நாமும் விடுமுறைக்கு மலைகளை நாடிச் செல்கிறோம். காற்று தூய்மையாக உள்ளதா என்று கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அதோடு, நம்மை ஏற்றிச் செல்பவர் நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுகிறாரா, அந்த வண்டி அவருடையதா, மாலையில் அவர் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் கேட்போம். இயற்கையைக் காக்கும் அறம் அம்மனிதரையும் காக்கும்போதே முழுமை பெறும்.